சாவியை மதிக்காத வான்

குகதாசன் சாவியைத் திருகிப் பிடுங்கிக் கையிலே எடுத்துவிட்டான். அந்தப் பழைய வான் வண்டி அதைப் பொருட்படுத்தவில்லை. சாவி இல்லாமலே உறுமியது, குலுங்கியது, இருமியது. கடைசியில் ஒரு வெடி வெடித்துவிட்டு, போனால் போகிறதென்று நின்றது.

மணி எட்டு. வானை வாங்க வருகிறவர் பத்து மணிக்கு வந்துவிடுவார்.

"சாவியை எடுத்தாப் பிறகும் ஓடுது," என்றான் முற்றத்துக் கதிரையில் கால் நீட்டி இருந்த ஜனார்த்தனன். "இப்பிடி ஒரு வான் இலங்கையிலை வேறை எங்கையும் இல்லை, மச்சான்."

ஜனார்த்தனன், குகதாசனின் மனைவி சுமித்திராவின் அண்ணன். லொறிச் சொந்தக்காரன். குடும்பத்தில் பேசி முடிவான விஷயம் இதுதான்: இன்றைக்கு வான் விற்றுப்போனால் குகதாசன் ஒரு ஓட்டோ எடுத்துத் தன்பாட்டில் ஓடலாம். விற்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து மச்சானின் லொறியில் கிளீனர். வான் விற்காது என்பதில் அவ்வளவு நம்பிக்கை வைத்து, ஜனார்த்தனன் வரும்போதே ஒரு புது வாளியும் துடைக்கிற துணியும் கொண்டுவந்து கதிரைக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

குகதாசன் அந்த வாளியைப் பார்த்தான். நாற்பத்தெட்டு வயதில், லொறியின் பக்கத்துத் தகரத்தைத் தட்டித் தட்டி, "வரட்டும், வரட்டும்" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடும் தன்னையும் பார்த்தான்.

வானுக்கு வயது முப்பத்தைந்து. மூன்று கிழமைக்கு முன்வரை நல்ல பிள்ளையாகத்தான் இருந்தது. திடீரென்று ஒருநாள், மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் அடங்க மறுத்தது. சும்மா நிற்கும்போதே மலையேறுகிற மாதிரி அலறும். காலையும் பின்னேரமும் அவன் ஆட்களை ஏற்றி ஹயருக்கு வெளிக்கிடும்போது ஒழுங்கையே அதிரும்.

சுமித்திரா ஒரு தட்டில் பப்பாசிப் பழம் வெட்டிக்கொண்டு வந்தாள்.

"இஞ்சருங்கோ, வாற மனிசன் போனிலை என்ன கேட்டவரெண்டா..."

"வான் கதையை என்னட்டை விடு," என்றான் குகதாசன். "நீ அவருக்குத் தேத்தண்ணிக்கு அடுக்குப் பண்ணு."

சுமித்திரா உதட்டைச் சுழித்துக்கொண்டு போனாள். ஜனார்த்தனன் பழத்தை வாயில் போட்டு, வீட்டுப் பப்பாசி இவ்வளவு பழுத்துக் கிடைத்து எத்தனை வருசம் என்று வியந்தான்.

குகதாசன் முன்சீற்றைத் தூக்கினான். அதற்குக் கீழேதான் எஞ்சின். காப்பரேற்றரில் இரண்டு ஸ்க்ரூ தெரிந்தன. ஒன்று வேகத்தைக் குறைக்கிற ஸ்க்ரூ என்பது அவனுக்குத் தெரியும். எது என்பது தெரியாது. இடது பக்கத்தில் இருந்ததைத் திருகினான். வான் கறுப்புப் புகை கக்கியது. இன்னும் திருகினான். ஸ்க்ரூ கழன்று எங்கோ உள்ளே விழுந்தது. அதைத் தேடி எடுத்துத் திரும்பப் பூட்டும்போது மணி எட்டே முக்கால்.

இப்போது வான் முன்பு போல அலறியது, கூடவே புகைத்தது.

அக்சிலேற்றர் கம்பி இறுகியிருக்கும், மிதியை மேலே இழுத்துக் கட்டினால் சரி என்று ஜனார்த்தனன் யோசனை சொன்னான். சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி அவனே குனிந்து கட்டினான். கட்டி முடித்துச் சாவியைப் போட்டபோதுதான் தெரிந்தது, மிதியை மேலே அல்ல, கீழே இழுத்துக் கட்டியிருக்கிறான். வான் ஊளையிட்டது. குசினித் தகரம் கிடுகிடுத்தது. சாவியை எடுத்தும் நிற்காமல் ஒரு நிமிடம் ஓடி, ஜனார்த்தனனின் புது வாளியை அதிர்விலேயே உருட்டிவிட்டது. குகதாசனுக்கு அன்று காலையில் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

சுமித்திரா காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "நான் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோ. அந்த மனிசனுக்கு..."

"உனக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?"

"எஞ்சினைப் பற்றி ஆர் கதைச்சது?" என்றாள் அவள். ஆனால் குகதாசன் அதற்குள் வேலிக்கு ஓடி, பக்கத்து வீட்டு வீரகத்தியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வீரகத்தி பஸ் டிப்போவில் நாற்பது வருசம் எஞ்சின் பார்த்து ஓய்ந்தவர். கோப்பையில் சவர்க்காரத் தண்ணீரோடு வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, தண்ணீரை ஒவ்வொரு ரப்பர்க் குழாயிலும் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு குழாயில் தண்ணீர் விழுந்ததும் அலறல் ஒரு கணம் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அந்த இடத்தை விரலால் பொத்தினார். வான் அடங்கியது. விரலை எடுத்தார். அலறியது.

"காத்து இழுக்குது," என்றார். குழாயைக் கழற்றிக் காட்டினார். வரிசையாக நாலு ஓட்டை.

"எலியோ, அண்ணை?"

"எலிக்கு இவ்வளவு வாய் எங்கை? இது குரங்கு கடிச்சது."

குகதாசனுக்கு ஞாபகம் வந்தது. மூன்று கிழமைக்கு முன் சீற்றைத் திறந்துவிட்டு, பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் வைத்துவிட்டுக் குளிக்கப் போனது.

வீரகத்தி தன் வீட்டிலிருந்து ஒரு புதுக் குழாய் கொண்டுவந்து பூட்டினார். ஸ்க்ரூக்களை அளவாக வைத்தார். மிதியின் கட்டை அவிழ்த்தார். பிறகு, இனி இந்த வீட்டில் யாரும் எதையும் திருகக்கூடாது என்று, காய்ந்தால் கல்லாகிற பசையை ஸ்க்ரூவிலும் குழாயிலும் அப்பினார்.

"இனி நானே வந்தாலும் சத்தத்தைக் கூட்டேலாது," என்றார். கோப்பையோடு போய்விட்டார்.

வான் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்கவேண்டியிருந்தது. ஜனார்த்தனன் முகம் தொங்கிப்போய், வாளியைக் கதிரைக்குப் பின்னால் தள்ளினான்.

"இப்பவாவது சொல்ல விடுறியளோ?" என்று சுமித்திரா மூன்றாம் முறை வாயெடுத்தாள். அவள் முகத்தில் கலவரம் இருந்தது. படலையில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது.

வந்தவர் முத்துலிங்கம், அக்கராயனில் கச்சான், அதாவது நிலக்கடலை போடுகிற தோட்டக்காரர். ரயரைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து மூடவில்லை. எத்தனை மைல் ஓடியது என்றும் கேட்கவில்லை. நேரே வந்து, ஸ்ராட் பண்ணச் சொன்னார். குகதாசன் ராசா மாதிரி ஏறிச் சாவியைத் திருகினான்.

முத்துலிங்கம் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்ராட் பண்ணுங்கோவன், தம்பி," என்றார்.

"ஸ்ராட்டிலைதான் ஐயா நிக்குது."

சொன்னதோடு நிற்காமல், சுமித்திராவின் கையிலிருந்த தேநீரை வாங்கி முன்சீற்றில் வைத்தான். கோப்பையில் ஒரு அலை எழவில்லை. முத்துலிங்கத்தின் முகம் மட்டும் ஏனோ கறுத்துக்கொண்டே போனது.

அப்போது பப்பாசி மரம் ஆடியது. தொம்மென்று ஒரு குரங்கு வானின் கூரையில் குதித்தது. கையில் பழம். பின்னால் இன்னும் மூன்று. ஓடிக்கொண்டிருக்கும் வானின் மேல் நாலும் சாவகாசமாகக் குந்தி, பழத்தைப் பிய்த்துத் தின்னத் தொடங்கின.

முத்துலிங்கம் குரங்குகளைப் பார்த்தார். வானைப் பார்த்தார். தலையில் கைவைத்து நின்ற சுமித்திராவைப் பார்த்தார். ஹெல்மெற்றை எடுத்து மாட்டினார்.

"ஓடுற வான் என்னட்டை ரண்டு நிக்குது, தம்பி. உங்கட வான் போடுற சத்தத்துக்கு மூண்டு கிழமையா ஒரு குரங்கும் கிட்ட வரேல்லையெண்டு இந்தத் தங்கச்சி போனிலை சொன்னவா, அதுதான் கச்சான் தோட்டத்துக்கை நிப்பாட்டுவமெண்டு வந்தனான்."