நீ அனுப்பாத பூச்செடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இங்கு என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான்தான்.

என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பூ விதை முளைத்துவிட்டது என்று போனில் பீற்றிக்கொண்டேன் அல்லவா? முளைத்தது அதுவல்ல. உன் விதை மண்ணோடு மண்ணாகிவிட்டது. அந்த இடத்தில் தானாக வந்த ஒன்றுக்கு வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றி, சுற்றிலும் வேலி கட்டி, இலை ஓரத்து முள்ளெல்லாம் கையைக் கிழித்தபோதும் 'வெளியூர்ச் செடி, அப்படித்தான் இருக்கும்' என்று பொறுத்துக்கொண்டேன். இடுப்பளவு வளர்ந்து, சவரப் பிரஷ் போல ஊதாப் பூ வைத்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் பூ காய்ந்து, பஞ்சு பஞ்சாகப் பறந்து, பக்கத்து வீட்டு அம்மா காயப்போட்ட கறுப்புப் போர்வையில் போய் உட்கார்ந்தது. நாம் குடிவந்த நாளிலிருந்து என்னிடம் பேசாத அந்த அம்மா படியேறி வந்து, "என்ன சார், பஞ்சு மில்லு நடத்துறீங்களா?" என்று கேட்டார். பயந்துபோய் மண்வெட்டியால் கொத்திப் போட்டேன். மழை பெய்தது. கொத்திய ஒவ்வொரு துண்டு வேரும் தனித்தனியாக முளைத்து, பூவும் வைத்து, தனிக்குடித்தனம் போய்விட்டது.

அந்த அம்மா புகார் கொடுக்க, ஊரில் கெட்ட களை பரவாமல் பார்த்துக்கொள்ளும் அரசாங்கக் களை அலுவலர் வந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார், பூவைப் பிய்த்துப் பார்த்தார். "சார், இது பூச்செடி இல்ல. வேற தேசத்துலேர்ந்து வந்து ஒட்டிக்கிட்ட களை. விதை காத்துல போகும், வேரு மண்ணுக்கடியில போகும். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு இருந்தாப் போதும், திரும்ப வந்துடும்" என்றார். "டீ குடிக்கிறீங்களா?" என்றேன். குடித்தார். வேர் தீரும்வரை வாராவாரம் வந்து பார்ப்பது அவர்கள் விதியாம். வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரார் வீட்டுக் கதவைத் தட்டிக் கரண்ட் மீட்டர் பார்த்தவன் நான். என் கதவை ஒருவர் தட்டினால் எப்படியிருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. அவர் வரும் நாளில் சவரம் செய்துகொண்டேன். இன்னொரு கப் வாங்கினேன். பக்கத்து வீட்டு அம்மாவும் மேற்பார்வைக்கு வந்து நின்று, எங்கே தோண்ட வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் உத்தரவு போட்டார்.

நேற்றோடு எல்லாம் ஒழிந்தது. "இனிமே நான் வர வேண்டிய அவசியமே இல்ல சார், சந்தோஷம்தானே?" என்று அலுவலர் கை குலுக்கினார். ரொம்ப சந்தோஷம் என்றேன். பக்கத்து வீட்டுக் கதவும் பழையபடி சாத்திக்கொண்டது. தோட்டம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. அதனால் நீ கவலைப்பட்டு லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைக்கு ஒரு முத்தம்; குத்தாது, சவரம் செய்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: விரல் நீளத் துண்டு ஒன்றைப் பழைய வாளியில் ஊன்றிக் குளியலறைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பூக்க விடமாட்டேன், ஊருக்குக் கெடுதல் செய்பவன் அல்ல நான். இரண்டு இலை விட்டதும் அலுவலருக்கு போன் செய்வேன். அதற்குள் நீ வருவதாக இருந்தால் சொல், பிடுங்கிப் போட்டுவிடுகிறேன்.