தரை பார்ப்பவர்

தரைக்கும் தலையெழுத்து உண்டு என்பது அந்தக் குடியிருப்பின் பதினாறு வீடுகளுக்கும் ஒரு செவ்வாய்க்கிழமைதான் தெரியவந்தது. அதுவரை பாவம், தரையை அவர்கள் சும்மா மிதித்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

செய்தியைக் கொண்டுவந்தவர் தன்னைத் 'தரை பார்ப்பவர்' என்று சொல்லிக்கொண்டார். சாம்பல் நிறக் கோட்டு, வெள்ளைக் கையுறை, சக்கரம் வைத்த பெட்டி. பெட்டிக்குள்ளே ஒரு ஸ்டீம் மாப். நீளக் கைப்பிடி, நடுவில் தண்ணீர்த் தொட்டி, அடியில் துணி மாட்டிய முக்கோணத் தலை. சுவிட்சைப் போட்டு அழுத்தினால் துணி வழியாகப் புஸ்ஸென்று நீராவி வரும். கடையில் விற்கிற சாமான்தான். ஆனால் கடைக்காரருக்குத் தரை பேசுவது கேட்காது, இவருக்குக் கேட்கும். அந்தக் காதுக்காக விலை மூன்று மடங்கு ஆகியிருந்தது.

சுவரும் கூரையும் எல்லாவற்றையும் கேட்கும், ஆனால் எதையும் வைத்துக்கொள்ளாது, தரைதான் வைத்துக்கொள்ளும் என்பது அவருடைய தத்துவம். வீட்டில் போட்ட சண்டை, சிந்திய கண்ணீர், வந்து போனவர்களின் வயிற்றெரிச்சல் எல்லாம் தரையில் படிந்துவிடுமாம். ஈரத்துணியால் துடைத்தால் அது இன்னும் பரவுமாம். நீராவி ஒன்றுதான் அதை வெளியே இழுக்குமாம். ஆதாரம் கேட்பதற்கு முன்பே அவர் ஆதாரம் கொடுத்துவிடுவார். அதுதான் வெள்ளைத் துணி.

முதல் காட்சி செயலாளர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சாமானியர் இல்லை. காய்கறிக் கடையில் தராசு முள் நிற்கும்வரை கண்ணிமைக்காமல் பார்க்கிறவர். அப்பேர்ப்பட்டவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். தரை பார்ப்பவர் கையுறைக் கையால் பொட்டலத்திலிருந்து ஒரு துணியை எடுத்தார். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது, மனிதக் கை பட்டால் துணி குழம்பிவிடும் என்றார். மாப்பில் மாட்டித் தரையில் நாலு இழுப்பு இழுத்துத் திருப்பிக் காட்டினார். துணி அட்டக் கறுப்பு.

பிறகு அந்தக் கறுப்பைப் படித்தார். இடது ஓரம் அழுத்தமாக இருக்கிறது, வீட்டுக்காரருக்கு மேலதிகாரியோடு ஒத்துப்போகவில்லை என்றார். உலகத்தில் யாருக்குத்தான் ஒத்துப்போயிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நடுவில் தீவு மாதிரி இருக்கிறது, அம்மா மனதில் ஒரு குறை இருக்கிறது என்றார். செயலாளரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சரியாக எப்படிச் சொல்கிறார் என்று அவர் மாடி மாடியாக ஏறிச் சொன்னதில், வியாழக்கிழமைக்குள் மாடிப்படியில் வரிசை நின்றது.

வரிசையில் முதல் மாடிக் கல்லூரி வாத்தியாரும் இருந்தார். வேதியியல் பாடம் எடுப்பவர். நீராவிக்கு ஆற்றல் உண்டு என்பது அறிவியல்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கையில் எட்டாம் நம்பர் சீட்டோடு நின்றார். படித்தவர் ஏமாறுவதில் ஒரு சௌகரியம் உண்டு. காரணத்தை அவரே தயாரித்துக்கொள்வார்.

இந்த வரிசையை விலக்கிக்கொண்டு வாளியோடு ஏறி இறங்கியவர் படியக்கா. பதினோரு வருஷமாக அந்தக் குடியிருப்பின் மாடிப்படியையும், அங்கே ஒன்பது வீட்டுத் தரையையும் துடைக்கிறவர். அதனால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. எந்த வீட்டில் எந்தக் கல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்த வீட்டுப் பிள்ளை கட்டிலுக்கு அடியில் பென்சில் சீவுகிறது என்பதெல்லாம் படியக்காவின் முழங்காலுக்குத் தெரியும். ஏனென்றால் மண்டி போட்டுத்தான் துடைப்பார். முழங்கால் இரண்டும் அதற்குப் பழிவாங்கிக்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை காலை செயலாளரின் மனைவி படியக்காவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். படியக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் அந்த வீட்டு நாற்காலியைத் துடைத்திருக்கிறாரே தவிர உட்கார்ந்ததில்லை.

"உங்களக் குத்தம் சொல்லலக்கா," என்று அவர் ஆரம்பித்தார். குற்றம் சொல்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "நீங்க தொடச்சு அரைமணி நேரங்கூட ஆகல. துணி அவ்ளோ கறுப்பா வருது. என் கண்ணால பார்த்தேனே."

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்குவதாக முடிவு செய்யப் போகிறார்களாம். மாதக் கடைசியோடு படியக்கா வர வேண்டியதில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் மிகவும் அன்பாக இருந்தது.

படியக்காவுக்கு வேலை போவது பயமாக இருந்தது. அதைவிட அந்தக் கறுப்புத் துணி அவமானமாக இருந்தது. இன்னொரு முறை துடைக்கிறேன், அவரை வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சோப்புத்தண்ணீர் போட்டு ஒரு முறை, நல்ல தண்ணீரில் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்தார். தரை பார்ப்பவர் வந்தார், நாலு இழுப்பு இழுத்தார். துணி முன்னைவிடக் கறுப்பாக வந்தது. அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். இந்த அம்மா கஷ்டப்பட்டு உழைக்கிறார்கள், ஆனால் தரை ஒத்துழைக்கவில்லை என்றார்.

அன்று படியக்கா தன் கையையே சந்தேகப்பட்டார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஊரே சேர்ந்து சொன்னால் வெள்ளையும் கறுப்பாகத்தான் தெரியும்.

உண்மை தெரிந்தது சனிக்கிழமை, இரண்டாம் மாடித் திருப்பத்தில். தரை பார்ப்பவர் ஒரு வீட்டுக்குள் பலன் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டி வாசலில் திறந்து கிடந்தது. படியக்கா படியைத் துடைத்துக்கொண்டே வந்தவர், பெட்டியில் தண்ணீர் படக்கூடாதே என்று அதை நகர்த்தினார். நல்லதுதான் நினைத்தார். ஈரக்கை பெட்டிக்குள் இருந்த ஒரு துணியின் ஓரத்தில் பட்டுவிட்டது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பட்ட இடத்தில் நாலு விரல் கறுப்பாக எழுந்தது.

படியக்கா கையைப் பார்த்தார். கை சுத்தமாக இருந்தது. துணி தரையைத் தொடவே இல்லை. அதில் யாருடைய கண்ணீர் ஏறியது, எந்த மேலதிகாரி ஏறினார் என்று யோசித்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரமாக அந்தக் குடியிருப்பில் யாரும் செய்யாத காரியம் அது. யோசித்து முடித்ததும் கோபம் வந்தது, அதோடு கொஞ்சம் சிரிப்பும் வந்தது. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளக் கூடத்தில் பதினாறு வீடும் கூடியது. மெஷினுக்கு முன்பணம் கொடுத்த ஐந்து வீட்டார் முதல் வரிசையில் பெருமையாக உட்கார்ந்திருந்தார்கள். தரை பார்ப்பவர் நடுவில் மெஷினோடு நின்றார். செயலாளர் தீர்மானத்தைப் படிக்க எழுந்தபோது, பின்னாலிருந்து படியக்கா எழுந்து வந்தார். கையில் ஒரு பழைய தலையணை உறை இருந்தது. துவைத்துத் துவைத்து நைந்த வெள்ளை.

ஒரு சின்ன சந்தேகம், கேட்கலாமா என்றார். பதினோரு வருஷம் உழைத்தவர், கேட்டுவிட்டுப் போகட்டும் என்று செயலாளர் பெருந்தன்மையாக உட்கார்ந்தார்.

"சார், என் துணிய உங்க மெஷின்ல மாட்டி இந்தத் தரைய ஒரு தடவ தொடச்சுக் காட்டுறீங்களா?"

தரை பார்ப்பவர் புன்னகைத்தார். சாதாரணத் துணிக்குத் தரை பேசுவது புரியாது, துணிக்குப் பயிற்சி வேண்டும் என்று விளக்கினார். முதல் வரிசை தலையாட்டியது. துணிக்குப் பயிற்சி கொடுக்க எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்க அந்த வரிசையில் ஆள் இல்லை.

"சரிங்க சார். அப்ப உங்க துணியவே மாட்டுங்க. ஆனா தரையில வைக்க வேணாம். அந்தரத்துல தூக்கிப் பிடிச்சு நீராவிய விடுங்க. தரையே படலன்னா வெள்ளையாத்தானே இருக்கணும்?"

தரை பார்ப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேறொரு குடியிருப்பில் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். அப்போதுதான் கல்லூரி வாத்தியார் எழுந்தார். வாரம் முழுக்கத் தூங்கிய அறிவு அந்த நேரத்தில் சோம்பல் முறித்திருக்க வேண்டும். பொட்டலத்திலிருந்து ஒரு துணியை எடுத்து, தானே மாட்டி, மெஷினைத் தலைகீழாகாமல் தூக்கிப் பிடித்து அழுத்தினார். புஸ்ஸென்றது. ஐந்து எண்ணுவதற்குள் துணி கறுத்தது.

"காத்துலயும் சோகம் இருக்குங்க," என்றார் தரை பார்ப்பவர்.

படியக்கா கூட்டத்துக்கு வைத்திருந்த குடிதண்ணீர் டம்ளரில் விரலை நனைத்தார். இன்னொரு புதுத் துணியை மேஜையில் விரித்து, ஈர விரலால் ஒரு வட்டம் போட்டார். உள்ளே இரண்டு புள்ளி, கீழே ஒரு வளைவு. வெள்ளைத் துணியில் ஒரு கறுப்பு முகம் மெல்ல எழுந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தது.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க சார்."

முதலில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு கூடமே சிரித்தது. மற்ற மோசடிக்காரர்களுக்குச் சாயம் வெளுக்கும், இவருக்குச் சாயம் கறுத்தது.

டீ சிந்திய துண்டைத் துருப்பிடித்த கம்பியில் காயப்போட்டால் தன் வீட்டிலும் இதே கறுப்புதான் வரும், அதை எந்தச் சோப்பாலும் எடுக்க முடியாது என்று படியக்கா சொன்னார். வாத்தியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். இரும்பு உப்புப் பொடி ஒன்று, கடுக்காய் மாதிரித் துவர்ப்புப் பொடி ஒன்று, இரண்டையும் துணியில் தேய்த்து வைத்திருக்கிறார் என்றார். காய்ந்திருந்தால் சாது, நனைந்தால் மை. வருஷா வருஷம் வகுப்பில் இதைச் செய்து காட்டுவதாகவும் சொன்னார். அப்படியானால் எட்டாம் நம்பர் சீட்டு எதற்கு வாங்கினீர்கள் என்று அவர் மனைவி கேட்டார். அதற்கு வேதியியலில் விடை இல்லை.

ஐந்து வீட்டு முன்பணமும் அங்கேயே திரும்பியது. தரை பார்ப்பவர் கையுறையைக் கழற்றினார். விரல் நுனி எல்லாம் கறுப்பாக இருந்தது. தன் வியர்வைக்குத் தானே பலன் சொல்லிக்கொள்ளாமல் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்.

செயலாளர் தீர்மானக் காகிதத்தை நாலாக மடித்தார். அவருடைய மனைவி தலை குனிந்து நின்றார். எங்களை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். படியக்கா அதற்குள் தலையணை உறையை எடுத்து, குனிந்து, கூடத்துத் தரையில் நீளமாக ஒரு இழுப்பு இழுத்து, நிமிர்ந்து காட்டினார். லேசான தூசு. இத்தனை பேர் செருப்போடு வந்த தரையில் வேறென்ன இருக்கும்.

"பதினோரு வருஷம் தொடச்சிருக்கேன்மா. அவன் துணியப் பார்த்தீங்க. ஒருத்தராவது குனிஞ்சு தரையத் தொட்டுப் பார்த்திருக்கலாம்."

சிலர் தங்கள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியானால் இந்த மெஷினே வீண்தானா, வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டார். யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம், ஒரு வாரம் தாமதமாக.

மெஷின் என்ன பாவம் செய்தது என்றார் படியக்கா. அடுப்பங்கரை எண்ணெய்ப் பிசுக்குக்கு நல்லது, கல் இடுக்கில் ஏறிய கறைக்கும் நல்லது. மரத்தரையில் காட்டினால் பலகை ஊதிவிடும், அங்கே வேண்டாம். முதலில் பெருக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூசு சேறாகும். துணியை அடிக்கடி மாற்றித் துவைக்க வேண்டும். வீட்டுக்கு வீடு எதற்கு, எல்லாருக்குமாக ஒன்று போதும், அதுவும் கடை விலைக்கு. "தானா ஓடாதுங்க. பிடிச்சு ஓட்ட ஒரு ஆள் வேணும். நின்னுக்கிட்டே தொடைக்கலாம்ங்கறதால என் முட்டிக்கு நல்லது."

அடுத்த வாரம் கடையிலிருந்து ஒன்று வந்தது. படியக்காவே போய்த் தூக்கிப் பார்த்து, கனம் பார்த்து, துணி கழற்றத் தோதாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கி வந்தார். இப்போது படியைப் பெருக்கிவிட்டு நின்றுகொண்டே துடைக்கிறார்.

போன புதன்கிழமை செயலாளரின் மனைவி மூச்சு வாங்கப் படியேறி வந்தார். பக்கத்துக் குடியிருப்புக்கு ஒருவர் வந்திருக்கிறாராம், தலையணையை ஒரு கண்ணாடி வழியாகப் பார்த்தே இராத்திரி என்ன கனவு வந்தது, அதனால் என்ன கெடுதல் வரும் என்று சொல்லிவிடுகிறாராம், நாளைக்கு இங்கே கூப்பிடலாமா என்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்களாம்.

படியக்கா மாப்பை நிறுத்தினார். "கண்ணாடி யாருதும்மா? அவரு கொண்டு வந்ததா?"

அந்த அம்மா வந்த வழியே இறங்கிப் போனார். உங்கள் வீட்டு வாசலிலும் யாராவது வந்து நிற்பார்கள். உங்கள் வீட்டில் இல்லாத அழுக்கை உங்களுக்கே காட்டுவார்கள். நீங்களும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அதற்கு மெஷின் வேண்டாம், துணி வேண்டாம், தோளுக்கு மேலே இருப்பது போதும்.