தைரியம் சொல்ல வந்தவர்

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். யாருக்காவது கால் உடைந்தது, கடையை மூடிவிட்டார்கள், பெண்ணுக்கு வந்த சம்பந்தம் தட்டிப்போனது என்று காதில் விழுந்தால் போதும். சாப்பிட்ட கை காய்வதற்குள் அந்த வீட்டு வாசலில் நிற்பார். துக்கம் விசாரிக்க அல்ல. துக்கப்படக் கூடாது என்று சொல்ல. தைரியம் சொல்லும் ஆசாமிகள் என்று இந்த இனத்துக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். அடுத்தவருடைய கெட்ட நாளைத் தாங்கிக்கொள்வதில் இவர்களுக்கு இருக்கும் மனவலிமை இருக்கிறதே, அபாரம்.

ஓசூர் ஹவுசிங் போர்டில் எங்கள் வரிசையில் இருந்த தீர்த்தகிரி இந்த இனத்தின் முழு வளர்ச்சி. லாரிக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனி செலவில் பெங்களூரில் மனஉறுதிப் பயிற்சிக்குப் போய் வந்தவர். பயிற்சி இரண்டு நாள். அதைப் பற்றிய பேச்சு ஆறு வருடம்.

2008 கடைசியில் லாரி வாங்க ஆளில்லாமல் போனது. கம்பெனிகள் வாரத்தில் மூன்று நாள் மூடிக் கிடந்தன. எங்கள் எதிர்வீட்டு அருள்ஜோசப் ஏழு வருடம் லேத் ஓட்டியவர், ஆனால் கான்ட்ராக்ட் ஆள். இனி வரவேண்டாம் என்று கேட்டிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். திறக்காத டிபன் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மனைவி அன்னமேரி டிபன் பாக்ஸை வாங்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த இரண்டு பேரையும் அப்படியே விட்டிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

விடுவாரா தீர்த்தகிரி? சாயங்காலமே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டீ கேட்டு வாங்கிக் குடித்து, நல்ல நாளும் கெட்ட நாளும் ஷிப்ட் மாதிரி மாறி மாறித்தான் வரும் என்றார். வேலை போனவன் முதலாளியான கதைகள் மூன்று சொன்னார். கோழைதான் கலங்குவான் என்றார். அருள்ஜோசப்பின் கண் நிறைந்ததும் விரலை உயர்த்தினார்.

"அழக் கூடாது ஜோசப்பு. அழுதா மனசு விட்டுப்போயிரும். எங்க, சிரி பாக்கலாம்."

அந்த மனுஷன் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை இன்னொரு முறை பார்க்க எனக்கு விருப்பமில்லை. தீர்த்தகிரி திருப்தியாகக் கிளம்பிப் போனதும் அன்னமேரி கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் அவர்களால் அழ முடிந்தது.

மூன்றாம் நாள் அருள்ஜோசப் ராயக்கோட்டை சந்தைக்குப் போய் மொபெட்டில் தக்காளிக் கூடையோடு திரும்பினார். தெருத்தெருவாக விற்றார். சில நாள் விற்றது. சில நாள் அழுகியது. எல்லாம் தான் கொடுத்த தைரியம் என்று தீர்த்தகிரி ஊரெல்லாம் சொன்னார்.

பிப்ரவரியில் அவர் முறை வந்தது. வேலை போனது என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளம்கூடக் குறையவில்லை. பாகங்கள் செய்யும் லைனிலிருந்து சாமான் கணக்கு பார்க்கும் ஸ்டோருக்கு மாற்றிவிட்டு, அவரிடமே தொழில் கற்ற மோகன்குமாரை அவர் இடத்தில் போட்டார்கள். அவ்வளவுதான். மனிதர் படுத்துவிட்டார். நாலு நாள் தலை வரைக்கும் போர்வை. சோறு வேண்டாம், யாரையும் பார்க்க மாட்டேன், நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று தன்னையே திட்டிக்கொண்டு கிடந்தார். மனைவி மங்கம்மா தெலுங்கில் கெஞ்சினார், கன்னடத்தில் அதட்டினார், கடைசியில் தமிழில் அழுதார்.

ஐந்தாம் நாள் காலை மங்கம்மா அருள்ஜோசப்பைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். தீர்த்தகிரியின் பழைய பாடத்தை அருள்ஜோசப் அவரிடமே அப்படியே திருப்பி ஒப்பிப்பார், கேட்டு ரசிக்கலாம் என்ற ஆசைதான். என் யோக்கியதை அது. ஆனால் அவர் கட்டிலருகில் தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தார். கொஞ்ச நேரத்தில் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஊருக்கெல்லாம் சொன்னேன். எனக்கே முடியல ஜோசப்பு."

"முடியலன்னா முடியலதாங்கண்ணா. அதுக்கு எதுக்கு உங்களையே திட்டிக்கிறீங்க? அன்னிக்கு நானும் அப்படித்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். வேற யாருக்காச்சும் இப்படி ஆயிருந்தா இந்தப் பேச்சு பேசுவீங்களான்னு மேரி கேட்டா. இன்னிக்கு ஒரு நாளாச்சும் உங்கள நீங்களே திட்டாம விட்டுருங்கன்னு சொன்னா. விட்டுட்டேன்."

போர்வை குலுங்கத் தொடங்கியது. அருள்ஜோசப் அதை நிறுத்தப் பார்க்கவில்லை. அரைமணி நேரம் கழித்துத் தீர்த்தகிரி எழுந்து உட்கார்ந்து, மங்கம்மா கொடுத்த ராகிக் கூழை இரண்டு சொம்பு குடித்தார். மறுநாள் ஸ்டோருக்குப் போனார்.

திருந்திவிட்டார் என்று நினைத்தேன். நானும் ஒரு முட்டாள்.

அடுத்த வாரம் கடைசி வீட்டு ஸ்வாதிக்குக் காலேஜ் பரீட்சையில் ஒரு பேப்பர் போய்விட்டது. தீர்த்தகிரி அங்கே ஆஜர். துக்கத்தை அடக்கக் கூடாது, தன்மேல் தானே இரக்கப்படக் கற்றுக்கொள்ள வேண்டும், இதெல்லாம் தானே அனுபவித்துக் கண்டுபிடித்தது என்று ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு, அழு என்றார். அந்தப் பெண்ணுக்கு அழுகை வரவில்லை. முயற்சியே செய்ய மாட்டேன் என்கிறாய் என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனார்.

இவ்வளவு தூரம் படித்ததில் உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். மாமனாரோ, மேனேஜரோ, மாடிவீட்டுக்காரரோ. வரட்டும். பெயரை மட்டும் மாற்றி இதைத் தீர்த்தகிரியிடமே படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க மச்சான் ஒருத்தர் கிருஷ்ணகிரியில இருக்காரு," என்றார். "அச்சு அசல் அவரேதான்."