ஹெட்போனுக்கு வெளியே ஒரு குரல்

வெள்ளிமலையில் நாலு மணிக்கெல்லாம் பனி கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிடும். அப்படி ஒரு நாலு மணிக்குத்தான் கணக்கு வாத்தியார் ஜெரின் வீரமாய் ஒரு முடிவெடுத்தார். மலையை விட்டு இறங்கியே தீருவது! மூங்கில்துறைப்பட்டில் வேலை பார்க்கும் பூமாலை வாத்தியாரோடு இடம் மாற்றிக்கொள்வது. மனைவி லிடியாவிடம் மட்டும் மூச்சுவிடுவதில்லை. அவள் இங்கே இ-சேவை மையம் நடத்துகிறாள். தெரிந்தால் இறங்க விடமாட்டாள்.

அதற்காகவே பழைய லேப்டாப்பை ஓடவைக்க அதில் லினக்ஸ் போட்டார். பெரிய ஹெட்போனாய் வாங்கிக் காது இரண்டையும் மூடிக்கொண்டார். "ஆன்லைன் பயிற்சி" என்று சொல்லிவிட்டுத் தினமும் பூமாலையோடு பேசினார்.

மூன்றாம் நாள் பூமாலை, "சர்க்கரை மில்லு ஓடறப்ப பொகையில மூக்கு எரியும் சார்" என்றார். பேசி முடித்து டீ குடிக்க உட்கார்ந்தார் ஜெரின்.

"ஏங்க, மில்லு பக்கம் குடியிருந்தா மூக்கு எரியுமா?" என்றாள் லிடியா.

டீ ஜெரினின் மூக்கில் ஏறியது. "யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. தோணுச்சு."

மறுநாள் பூமாலை தன் வீட்டுக் கிணற்றில் பாம்பு இருப்பதைச் சொன்னார். அவசரத்துக்குத் தன் மனைவி அமுதாவின் நம்பரையும் படித்துச் சொன்னார். சாயங்காலம் லிடியா பனியைப் பார்த்துக்கொண்டே, "கெணத்துல பாம்பு கெடந்தா எப்பிடிங்க தண்ணி சேந்துவாங்க?" என்றாள். குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை.

காதுக்குள் கேட்டது இவளுக்கு எப்படித் தெரிந்தது? குறளிப் பேய் வந்து சொல்கிறதா? பூமாலையை மறைக்கப் போய் ஜெபமாலையைப் பிடித்தார் ஜெரின்.

ஐந்தாம் நாள் பேச்சுக்கு நடுவே காது அரித்தது. ஹெட்போனைக் கழற்றினார். அறை முழுக்கப் பனி. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல், "உங்க வூட்ல தெரியாதுல்ல?" என்றது.

ஹெட்போன் கையில் இருக்கிறது. குரல் எதிரே இருக்கிறது. சிலுவை போட்டுக்கொண்டே குனிந்தார். லேப்டாப்பின் வயிற்றிலிருந்து பூமாலை பேசிக்கொண்டிருந்தார்!

அட பாவி! ஸ்பீக்கரும் சேர்ந்தல்லவா கத்தியிருக்கிறது? காதை மூடியவருக்கு மட்டும்தான் அது கேட்கவில்லை.

மறுநாள் லினக்ஸின் கருப்புத் திரையைத் திறந்து, ஹெட்போன் செருகியிருக்கிறதா என்று கட்டளை போட்டுக் கேட்டார். 'இல்லை' என்றது. அழுத்திச் செருகினார். 'இல்லை.' குச்சியில் பஞ்சு சுற்றி ஓட்டையைத் துடைத்தார். பச்சைக் களிம்பு வந்தது. மலை ஈரத்தின் வேலை. மறுபடி செருகினார். 'ஆம்.' ஸ்பீக்கர் ஊமையானது.

பேயை ஓட்டிய தெம்பில் பூமாலையைக் கூப்பிட்டார். "சார், இன்னிக்கே மனு போட்டுருவோம்! என் வூட்டுக்காரிக்கு ஒண்ணுமே தெரியாது!"

பூமாலை குரலைத் தாழ்த்தினார்.

"வேணாம் சார். அமுதா வர மாட்டேங்குது. உங்க வூட்ல ஆளே இல்லாம குரல் பேசுதாமே? நேத்து உங்க வூட்டம்மாதான் போன் பண்ணி அழுதாங்களாம்."

ஜெரின் திரும்பினார். பனிக்குள் லிடியா டீயோடு நின்றாள்.

"இன்னாங்க, மனு போட்டாச்சா?"

"ஸ்பீக்கரைத்தான் அடைச்சிட்டேனே! இது எப்பிடி கேட்டுச்சு?"

"அது சரிங்க. ஹெட்போன் மாட்டிக்கினு நீங்க கத்தறது கீழ்த்தெரு வரைக்கும் கேக்குது."