செல்லு சார் அறுத்த வலை

ராமேஸ்வரத்துக் கடலைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் எத்தனையோ பேர். அதில் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்துத் தினமும் வாய் பிளந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் செல்லு சார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மண்டபத்தில், கடல் பிராணிகளை ஆராயும் ஓர் அலுவலகத்தில் அவர் மைக்ராஸ்கோப்பும் கண்ணுமாக இருந்தார். நான் குமாஸ்தா. இருவரும் தங்கியது ஒரே அறையில். ஏதாவது ஒரு முட்டை இரண்டாகப் பிரிவதைப் பார்த்துவிட்டு வந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. "பிரியிறதுக்கு முந்தி குரோமோசோம் பூராத்தையும் காப்பி எடுத்துக்கிருதுய்யா. அதுக்கு யாருய்யா சொல்லிக் குடுத்தா?" என்று என் இலையைப் பார்த்துக் கேட்பார். எனக்குத் தெரியாது என்பதால் நான் ரசத்துக்குப் போய்விடுவேன்.

பாம்பனில் நாங்கள் மீன் வாங்கும் அந்தோணிக்கும் அவன் தம்பி சூசைக்கும், அவர்கள் அய்யா இறந்தபின் ஒத்துப்போகவில்லை. கடலுக்குப் போக வள்ளம் வாடகைக்குக் கிடைத்துவிடும். அய்யா கையால் பின்னிய பெரிய வலைதான் இரண்டு குடும்பத்துக்கும் கஞ்சி ஊற்றியது. அதை விட்டுக்கொடுக்க இருவருக்கும் ரோஷம். கடைசியில் நீளவாக்கில் ஆளுக்குப் பாதியாக அறுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. பாதி வலை கடலுக்கு ஆகாது என்று கரையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தும் வேடிக்கைதான் பார்த்தார்கள்.

அந்தோணி கத்தியை எடுத்ததுதான் தாமதம். என்னோடு மீன் வாங்க வந்திருந்த செல்லு சார், சலவை வேட்டியோடு வலைமேல் குப்புற விழுந்தார்.

"எந்திரிங்க சார். இது எங்க அய்யா வலை" என்றான் அந்தோணி.

"ஏலே, கண்ணுக்குத் தெரியாத செல்லுகூட காப்பி எடுக்காமப் பிரியாதுலே. ஒங்களுக்கு அந்த அறிவுகூடவா இல்ல?"

படுத்த வாக்கிலேயே எதையோ யோசித்தவர் சட்டென்று எழுந்து, கத்தியைப் பிடுங்கி, வலையை நடுவில் சரசரவென்று தானே அறுத்துவிட்டார். அந்தோணியின் மனைவி மாரில் அடித்துக்கொண்டாள். சூசை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

சட்டை பிடிபட்ட நிலையிலேயே பாடம் நடந்தது. குரோமோசோமுக்குள்ளும் ஒன்றையொன்று சுற்றிய இரண்டு இழைகளாம். முதலில் அவை பிரியும். பிறகு ஒவ்வொரு பழைய இழையும் தன்னை வைத்தே தன் ஜோடியைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். முடிவில் இரண்டுமே முழுசு. இரண்டிலும் பாதி பழசு. அப்புறம்தான் செல்லே பிரியுமாம்.

"ஆளுக்குப் பாதிய வச்சுக்கிட்டு மீதியப் பின்னுங்க. ரெண்டும் முழு வலையாகுற வரைக்கும் ஒருத்தனும் பிரியக் கூடாது" என்றார்.

சூசையின் கை மெல்ல இறங்கியது.

கடலுக்குப் போக முடியாத காற்றுக் காலம் முழுக்க அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து பின்னினார்கள். வலைக்கண்களின் அளவைச் சரிபார்க்கவாவது பேசித்தானே ஆகவேண்டும்? அய்யாவின் பாதி சாயமேறிப் பழுப்பாகவும் புதுப் பாதி வெள்ளையாகவும் கிடந்ததைப் பார்த்து செல்லு சார் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மரப்பட்டைச் சாயம் காய்ச்ச அடுப்பு மூட்டியபோது, பழசு எது புதுசு எது என்று தெரியட்டும், வெள்ளையை வெள்ளையாகவே விடுங்கள் என்று கெஞ்சினார். சாயம் ஏற்றாத நூல் இத்துப்போகும் என்று அந்தோணி மறுத்துவிட்டான். அறைக்கு வந்தவர் பட்டினி கிடந்தார்.

அண்ணனும் தம்பியும் பிரிந்தார்கள். ஆளுக்கொரு முழு வலையோடு பிரிந்தார்கள். செல்லு சாருக்கும் வடக்கே எங்கோ மாற்றலாகிவிட்டது.

சில வருஷம் கழித்து மறுபடி பாம்பன் போனேன். கரையில் இரண்டு வலைகளும் பக்கம் பக்கமாகக் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒரே பழுப்பு. ஆனால் இரண்டிலும் ஓர் ஓரத்தில் ஒரு முழம் மட்டும் பளிச்சென்று வெள்ளை. அந்த இடம் இத்துப்போகப் போக, இருவரும் வெள்ளை நூலிலேயே திரும்பத் திரும்பப் பின்னி வைக்கிறார்களாம். எதற்கு என்று கேட்டேன்.

"சார் எப்பயாச்சும் வந்தா அந்த வெள்ளைய இங்கனதான தேடுவாரு" என்றான் சூசை.

அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை.