பக்கத்தில் நாற்காலி போடும் அப்பா

சமையலறையிலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கூடத்தில் டீச்சர் எதிரே உட்கார்ந்திருந்த சுபாஷினி இயற்பியல் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்பா வருகிறார்.

வாசகரே, இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிள்ளைக்காக வீட்டுக்கே ஆசிரியரை வரவழைத்து, மைலோ கலக்கிக் கொடுத்து, "நீங்க நடத்துங்க டீச்சர், நான் சும்மா உட்காந்திருக்கேன்" என்று பணிவோடு சொல்லி, மூன்றாவது நிமிடத்தில் ஆசிரியர் கைப் பேனாவைத் தன் கைக்கு மாற்றிக்கொள்ளும் இனம். இவர்கள் சும்மா உட்கார்ந்ததாகச் சரித்திரம் உண்டா?

சுபாஷினியின் அப்பா ராமதாஸ் அந்த இனத்தில் முதல் தரம். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் இருபது வருடமாகப் பட்டறை மேற்பார்வையாளர். இயந்திரத்தையே அதட்டி ஓட வைப்பவருக்குப் மகளின் படிவம் நான்கு வகுப்புப் பாடம் எம்மாத்திரம்? முன்பு வந்த ஆசிரியர் ஒருவர் ஜொகூருக்கு மாற்றலாகிவிட்டதாகச் சொல்லி நின்றுகொண்டார். மறுவாரம் இங்கேயே, பினாங்கின் ஆயர் ஈத்தாம் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் காரணமே சொல்லவில்லை. போனையும் எடுக்கவில்லை. மூன்றாவதாக வந்திருப்பவள் ஃபரா.

வெள்ளிக்கிழமை பள்ளியில் இயற்பியல் சோதனை. இதிலும் தேறாவிட்டால் சுபாஷினியை அறிவியல் வகுப்பிலிருந்து மாற்றிவிடுவார்கள். ஃபராவும் போய்விட்டால் அந்தப் பெண்ணுக்கு யார் கதி?

அன்றைய பாடம் உந்த அழிவின்மை. மோதுவதற்கு முன் இருந்த மொத்த உந்தம் மோதிய பின்னும் மாறாது என்பது விதி.

"இடது பக்கத்துலேருந்து ரெண்டு கிலோ வண்டி, வினாடிக்கு மூணு மீட்டர்ல வருது," என்றாள் ஃபரா. "எதிர்ல ஒரு கிலோ வண்டி, ஆறு மீட்டர்ல. மோதி ஒட்டிக்கிச்சு. இப்ப வேகம் என்ன, சுபா?"

சுபாஷினி பென்சிலை எடுத்தாள்.

"இது சிம்பிள்லா," என்றார் ராமதாஸ். "எடையையும் வேகத்தையும் பெருக்கினா மொமெண்டம். இங்க ஆறு, அங்க ஆறு, மொத்தம் பன்னிரண்டு. மூணு கிலோவால வகுத்தா நாலு. முடிஞ்சிச்சு."

"எந்தப் பக்கம் நாலு, அங்கிள்?"

ராமதாஸ் காகிதத்தை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஓடுற பக்கம்," என்றார்.

"எதிர்ல வர்றது மைனஸ், அங்கிள். கூட்டினா சைபர். ரெண்டும் நின்னுடும்."

"அப்ப என் பன்னிரண்டு எங்க போச்சு டீச்சர்? அழியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பாலத்துல ரெண்டு காடி மோதினா..."

பினாங்குப் பாலத்தில் அவர் கண்ணால் கண்டவை, காதால் கேட்டவை, தவிர்த்திருக்கக்கூடியவை என எல்லாக் கார் விபத்துகளும் வரிசையாக வந்தன. ஒன்றுகூடப் பாடத்திட்டத்தில் இல்லை. சுபாஷினிக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. வாயைத் திறந்தாள்.

"குறுக்க பேசாதம்மா. உனக்காகத்தானே அப்பா விளக்குறேன்."

மணி ஏழாகிவிட்டது. ஃபரா பையை எடுத்து மாட்டினாள். சுபாஷினிக்குக் கண் நிறைந்தது. அடுத்த வாரம் போனை எடுக்காமல் இருக்கப்போகும் கை இதுதானோ?

"அங்கிள், கீழ என் காடி வரைக்கும் வாங்களேன்," என்றாள் ஃபரா. "அந்தப் பன்னிரண்டு விஷயத்த முழுசா கேட்டுட்டுப் போறேன்."

வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆசிரியரே கேட்கிறார். ராமதாஸ் வலது செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஃபரா வாசலில் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அப்பாவ அரைமணி நேரம் நான் பாத்துக்கிறேன் சுபா. அம்புக்குறி வரைஞ்சு பாரு. வியாழக்கிழமை வர்றேன்."

சுபாஷினி கதவைச் சாத்தினாள். தாழும் போட்டாள்.

காகிதத்தில் வலப்பக்கம் ஓர் அம்பு, ஆறு. இடப்பக்கம் ஓர் அம்பு, மைனஸ் ஆறு. மோதுவதற்கு முன்பே கூட்டிப் பார்த்தாள். பூஜ்யம். மோதிய பின்னும் பூஜ்யம். விதி அப்படியே இருந்தது. பன்னிரண்டு எங்கும் போய்விடவில்லை. அது அந்த வண்டிகளிடம் இருந்ததே இல்லை, அப்பாவிடம் மட்டும்தான் இருந்தது. யாரும் பேசாத அந்தக் கூடத்தில் அவள் அடுத்த கணக்குக்குப் போனாள், அதற்கடுத்ததற்கும்.

சரி, வாசகரே. இதே கணக்கை இன்னும் தெளிவாக அவளுக்குச் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு ஒரு வழி தோன்றுகிறதா? ஒரு நிமிடம் போதும், சும்மா பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று கை துடிக்கிறதா?

கதவு சாத்தியிருக்கிறது. தட்டாதீர்கள்.