முன்னணையில் என் பங்கு

இந்த வருடக் கிறிஸ்துமஸை ஆவிக்குரிய முறையில் கொண்டாடுவது என்று டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கை காய்வதற்குள் தீர்மானித்தேன்.

அன்று காலை ஆராதனையில் போதகர் அதைப் பற்றித்தான் பேசியிருந்தார். விளக்கு, புதுத்துணி, கேக், விருந்தாளி என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறோம், பிறந்தவரை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை என்றார். பெண்கள் பக்கம் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் நெஞ்சும் நிறைந்தது. பக்தியால் அல்ல. அவர் சொன்ன நான்கையும் வருடா வருடம் வீட்டுக்குச் சுமந்து வருகிறவன் நான்.

என் அலுவலகம் கிறிஸ்துமஸுக்கு மட்டும் நான்கு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை தருகிறது. கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அந்த நான்கு நாளில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஏணியில் நின்றிருக்கிறேன். கடை வரிசையில் நின்றிருக்கிறேன். மனைவியின் உறவினர்கள் வரும் ரயிலுக்காக, அது வராத நாட்களிலும், நின்றிருக்கிறேன். இந்த முறை சாய்வு நாற்காலியில் நான்கு நாள் கால் நீட்டிப் படுப்பது என்று முடிவு. அதற்கு ஆவிக்குரிய வாழ்க்கையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"கேக் வேண்டாமா?"

"வேண்டாம்."

"எங்க அண்ணன் குடும்பம்?"

"அவங்களும் ஆவிக்குரிய முறையில அவங்க வீட்லயே இருக்கட்டும்."

"சரிங்க."

அவள் இப்படி ஒரே வார்த்தையில் சம்மதித்தது இதற்கு முன் கல்யாணத்தன்று மட்டும்தான். அன்றும் நான் யோசிக்கவில்லை. இன்றும் யோசிக்கவில்லை.

மறுநாள் அவள் குடில் பொம்மைகளை எடுத்து அலமாரி மேல் வைத்தாள். கழுதை, மாடு, மேய்ப்பன், தாய், தந்தை. நடுவே உள்ளங்கை அளவில் ஒரு மாட்டுத் தீவனத் தொட்டி. முன்னணை என்போமே, அது. காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு கட்டு வைக்கோல். வெளியே ஆடம்பரம் வேண்டாம் என்றால் உள்ளே ஏதாவது நடக்க வேண்டும் அல்லவா என்று கேட்டாள். விதி இதுதான்: யாருக்கும் தெரியாமல் ஒரு நன்மை செய்தால் முன்னணையில் ஒரு வைக்கோல் வைக்கலாம். என்ன செய்தோம் என்று சொல்லக் கூடாது. மற்றவரைக் கேட்கவும் கூடாது. இருபத்துநான்காம் தேதி மாலை அந்தப் படுக்கையில் பாலனைக் கிடத்துவோம். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது செய்தது. அவர்கள் கடல் தாண்டிப் போனதும் வைக்கோல் வாங்குவதும் நின்றுபோயிருந்தது.

உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடிய கொண்டாட்டம். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

என் தொழிலைச் சொல்லவில்லையே. நான் எடையளவு ஆய்வாளன். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடுவது வேலை. ஐந்து கிராம் குறைந்தாலும் விடமாட்டேன். வியாபாரிகள் எனக்கு வைத்திருக்கும் பெயரைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

முதல் வாரம் நேர்மையாக இரண்டு வைக்கோல் வைத்தேன். ஒன்று, பஸ்ஸில் ஒரு கர்ப்பிணிக்கு இடம் கொடுத்ததற்கு. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டிருந்தது என்பது வேறு விஷயம். இன்னொன்று, மேலதிகாரி சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்ததற்கு. வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்த மனிதர் பாவம்.

அதற்குள் முன்னணையில் பதினொன்று இருந்தது. அதாவது ஒன்பது அவளுடையது. எப்போது செய்தாள், யாருக்குச் செய்தாள்? பார்க்கும்போதெல்லாம் மெஷினில்தான் இருந்தாள். சில சாயங்காலம் மூடிய பாத்திரத்தோடு வெளியே போனாள், காலிப் பாத்திரத்தோடு வந்தாள். கேட்கக் கூடாது என்று விதி. சோதித்துப் பார்ப்பதே பிழைப்பாக உள்ளவனுக்கு இதைவிடக் கொடுமை வேண்டாம்.

இரண்டாம் வாரத்தில், நினைத்த நன்மைக்கும் வைக்கோல் வைப்பதில் தவறில்லை என்ற முடிவுக்கு வந்தேன். நினைவில்லாமல் செயல் ஏது? காலையில் அவள் குளிக்கப் போகும் நேரம் தோதாக இருந்தது. கண் தெரியாத ஒருவரைச் சாலை கடத்திவிடலாம் என்று நினைத்தேன்: ஒன்று. மச்சானை மன்னிக்கலாம் என்று நினைத்தேன்: இரண்டு, ஆள் பெரியவர். ஓய்வு பெற்றபின் செய்யவிருக்கும் நன்மைகளுக்காக ஒரு கைப்பிடி.

நடுவில் உண்மையாகவே ஒன்று செய்யப் பார்த்தேன். ஒரு காய்கறிக் கடையில் ஒரு கிலோ கல் நாற்பது கிராம் குறைவு. பறிமுதல் செய்திருக்க வேண்டும். பண்டிகைக் காலம் என்று மனம் இளகி, எச்சரித்து விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து மூன்று வைக்கோல் வைத்தேன். அரை மணி நேரத்தில் மனைவி உருளைக்கிழங்குப் பையோடு உள்ளே வந்தாள். பையைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"ஒரு கிலோன்னுதான் குடுத்தான். கை சொல்லுது, குறையுதுன்னு. இவனையெல்லாம் கேக்க ஆளே இல்லையாங்க?"

நாட்டில் நேர்மை போய்விட்டது என்றேன். அவள் சமையலறைக்குப் போனதும் மூன்றில் ஒன்றைத் திரும்ப எடுத்துவிட்டேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே.

இருபத்துநான்காம் தேதி மாலை வந்தது. வீடு அமைதியாக இருந்தது. ஏணி இல்லை, ரயில் இல்லை. சாய்வு நாற்காலியை ஜன்னலோரம் போட்டு, தலையணையும் வைத்தாயிற்று. மனைவி அலமாரியிலிருந்து, மூக்கு உடைந்த அந்தச் சின்னப் பாலனைத் துணியிலிருந்து பிரித்து எடுத்தாள். முன்னணையில் கிடத்தினாள்.

பாலன் உருண்டு கழுதையின் காலடியில் விழுந்தார்.

மறுபடி கிடத்தினாள். இந்த முறை மேய்ப்பனின் மடியில். வைக்கோல் விளிம்பைத் தாண்டிக் குன்றுபோல எழுந்து நின்றது.

"படுக்கவே இடமில்லையே," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"கொஞ்சம் எடுத்துடு."

"நான் எப்படிங்க எடுக்கறது? இதுல செஞ்சது எது, செய்யாதது எதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

"செய்யாதது எப்படி இதுல வரும்?"

"அதானே. எப்படி வரும்?" என்றாள். "என்னுது கத்தரிக்கோல்ல வெட்டினது, நுனி நேரா இருக்கும். கையால முறிச்சது உங்களுது. நான் எண்ணலைங்க. எண்ணிப் பாத்தா மனசு கஷ்டமாயிடும்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். தையல்காரி வைக்கோலைக்கூட அளந்துதான் வெட்டியிருக்கிறாள். எல்லாம் ஒரே நீளம், ஒரே நுனி. மேலே என்னுடையவை, பிய்ந்தும் பிசிறியும் நாலா பக்கமும் துருத்திக்கொண்டு. ஊரார் எடைக்கல்லில் ஐந்து கிராம் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, தினமும் எதிரே நின்றும் இது தெரியவில்லை.

ஒவ்வொன்றாக எடுத்தேன். நேரம் பிடித்தது. பஸ் வைக்கோலிடம் வந்ததும் கை தயங்கியது. அதையும் எடுத்துவிட்டேன். அவளுடையது மட்டும் மிஞ்சியது. பாலனை வைத்தேன். உருளவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் அந்த உடைந்த மூக்கோடும் சுகமாகத் தூங்குகிறவர்போல இருந்தார். வைக்கோல் மணம் அறையெல்லாம் லேசாகப் பரவியிருந்தது. என் கைகள் தாமாகவே குவிந்தன. பக்தியா, வெட்கமா என்று நிறுத்துப் பார்க்க என்னிடம் கல் இல்லை.

எடுத்ததை அள்ளிக் குப்பைக்கூடைப் பக்கம் போனேன். அவள் வாங்கிக்கொண்டாள். எழுபத்தொன்று. எண்ணாதவள் இப்போது எண்ணினாள். நூலால் கட்டி, என் சட்டைப் பையில் செருகினாள்.

"எதுக்கு எறியறீங்க? செய்யாததுதானே, செய்யக் கூடாததா என்ன? ஒவ்வொண்ணா செஞ்சிட்டு, அவருக்குப் பக்கத்துல வச்சிட்டு வாங்க."

"கிறிஸ்துமஸ் நாளையோட முடிஞ்சிடுதேம்மா."

"உங்களுக்குத்தான் நாலு நாள் லீவு இருக்கே."

எங்கள் கட்டடத்து மூன்றாவது மாடி வாத்தியார் காலில் கட்டுப் போட்டிருக்கிறாராம். இந்த வருடம் ஆராதனைக்கு வர முடியாதே என்று ஏங்குகிறாராம். காலையில் நான் வந்து தூக்கிப் போவேன் என்று என் சார்பில் மனைவி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். லிஃப்ட் இல்லாத கட்டடம். வெளியே சொல்லக் கூடாது என்றுதானே விதி என்று கடைசியாக வாதாடிப் பார்த்தேன்.

"செஞ்சதைத்தான் சொல்லக் கூடாது," என்றாள். "செய்யப்போறதைச் சொல்லலாம்."

கிறிஸ்துமஸ் காலையில் வாத்தியாரை முதுகில் சுமந்துகொண்டு மூன்று மாடி இறங்கினேன். இத்தனை வருடத் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன்: எண்பத்தாறு கிலோ, ஒரு கிராம்கூடக் குறையவில்லை. சட்டைப் பையில் குறைந்தது ஒரே ஒரு வைக்கோல்.